கூட வந்தவர்கள்: கணினி தனக்கு வேண்டாததை எப்படி இனங்காண்கிறது?

சென்ற வருடம் மூன்றாந் தவணைப் பரீட்சை தொடங்க இரண்டு நாள் இருந்தது. தரம் ஒன்பதுக்கும் பத்துக்குமான தமிழ் வினாத்தாள்களைக் கணினி அறையின் முதலாம் இலக்க இயந்திரத்தில் தட்டச்சு செய்து, பக்கம் பிரித்து முடித்திருந்தேன். மறுநாள் காலையில் ரோனியோ போடவேண்டும். கடைசித் திருத்தத்தைச் சேமிக்கப் போனால் வட்டில் இடமில்லை என்றது கணினி.

நான் கணினி படித்தவன் அல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன். தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின், "நீங்கதானே சேர் கம்பியூட்டரோட கூட நேரம் இரிக்கிற" என்று சொல்லி அதிபர் அறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டார். அங்குள்ளவை பழைய இயந்திரங்கள். அவற்றில் இயங்குவது டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம். காசு கொடுக்க வேண்டாம், பழைய இயந்திரத்திலும் ஓடும் என்பதால் எங்கள் பழைய மாணவர் ஒருவர் நிறுவித் தந்தது.

இடம் பிடிப்பதற்காக, நிறுவப்பட்டிருந்த மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து எதைக் கழிக்கலாம் என்று பார்த்தேன். பொன்ட்ஸ்-டாம்ல் என்று ஒன்று கண்ணில் பட்டது. டாம்ல் என்பது தமிழ் எழுத்துக்குச் சர்வதேச நியமத்தில் கொடுக்கப்பட்ட நாலெழுத்துக் குறி. விளக்கத்தை வாசித்தால், இதற்குள் எழுத்துரு எதுவும் கிடையாது, வேறு பொதிகளை அழைத்து வருவதற்கான வெறும் பெயர்ப் பொதி இது என்ற கருத்தில் எழுதியிருந்தது. வெறும் பொதி எதற்கு? அகற்றினேன். உடனே திரையில் ஓர் அறிவித்தல்: பின்வரும் பொதிகள் தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை. கீழே நீண்ட பெயர்ப் பட்டியல். இவற்றையும் அகற்ற ஓட்டோரிமூவ் என்ற கட்டளையைப் பயன்படுத்து என்று வழியும் சொல்லியிருந்தது. தேவையில்லை என்று இயந்திரமே சொல்லும்போது மறுப்பதற்கு நான் யார்? கட்டளையைக் கொடுத்தேன். போதிய இடம் கிடைத்தது. வினாத்தாளை மூடித் திறந்தேன். பக்கத்தில் நின்ற உயர்தர மாணவன்தான் முதலில் கண்டான்.

"சேர், எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக் கிடக்கு."

இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில கிழமைகள் எடுத்தன. அது சொன்ன "தேவையில்லை" வேறு. நான் கேட்ட "தேவையில்லை" வேறு.

நாம் ஒரு மென்பொருள் என்று சொல்வது பெரும்பாலும் ஒன்றல்ல. லிப்ரே ஒபிஸ் என்ற எழுதுகருவியை எடுத்துக்கொள்வோம். அது திரையில் "கொ" என்று காட்டவேண்டும் என்றால், ஒற்றைக் கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலையை லிப்ரே ஒபிஸ் தனக்கெனத் தனியாகச் செய்துகொள்வதில்லை. ஹார்ஃப்பஸ் என்றொரு நிரலகம் இருக்கிறது. எழுத்துகளை உரிய இடத்தில் ஒழுங்குபடுத்துவதே அதன் தொழில். பயர்பொக்ஸ் உலாவியும் அதே நிரலகத்தையே நாடுகிறது. கோப்பைச் சுருக்கி வைப்பதற்கு இசெட்லிப், படம் காட்டுவதற்கு இன்னொன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிரலகம். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பிரதியைக் கொண்டுவந்தால் வட்டு நிறையும். ஒரு நிரலகத்தில் பிழை கண்டால் அத்தனை பிரதிகளையும் தேடித் திருத்த வேண்டிவரும். ஒரே பிரதியை எல்லோரும் பகிர்ந்தால் ஒரு தடவை திருத்தினால் போதும்.

இந்தப் பகிர்வுதான் கணக்குப் பிள்ளை ஒருவரை அவசியமாக்கியது. இயன் மர்டொக் 1993 இல் டெபியனைத் தொடங்கினார். அதன் டிபிகேஜி என்ற நிரல் ஒவ்வொரு பொதியையும் நிறுவும்போது அது எவற்றை நாடி நிற்கிறது என்று பார்க்கும். அவை இல்லையென்றால் இல்லை என்று முறைப்பட்டு நின்றுவிடும். தேடிக் கொண்டுவருவது மனிதரின் வேலை. கொண்டுவந்ததற்கு இன்னும் இரண்டு வேண்டும், அந்த இரண்டுக்கு மேலும் மூன்று வேண்டும். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 இல் அப்ட் என்ற பொதி முகாமை நிரல் சேர்ந்த பிறகுதான் இந்த அலைச்சல் ஓய்ந்தது. நாம் ஒன்றைக் கேட்டால் அதற்கு வேண்டிய இருபதையும் அதுவே இணையத்திலிருந்து அழைத்து வந்துவிடும்.

இங்கே ஒரு சொற்பிரச்சினை. ஆங்கிலத்தில் இப்படி அழைத்து வரப்படுவதை டிபென்டன்சி என்கிறார்கள். தமிழில் சிலர் அதைச் சார்பு என்று எழுதுகிறார்கள். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு அந்தச் சொல் தலைகீழாகப் படுகிறது. நம் இலக்கணத்தில் சார்பெழுத்து என்பது தனித்து நிற்க முடியாமல் முதலெழுத்தைச் சார்ந்து வருவது. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றைச் சொல்லும், நன்னூல் பத்தாக்கும். எப்படியானாலும் சார்ந்து நிற்பதே சார்பு. கணினியிலோ லிப்ரே ஒபிஸ்தான் சார்ந்து நிற்கிறது. ஹார்ஃப்பஸ் தாங்கி நிற்கிறது. தாங்குவதைச் சார்பு என்றால் வாசிக்கிறவர் குழம்புவார். ஆகவே இக்கட்டுரையில் தாங்குவதைத் துணைப்பொதி என்றே எழுதுகிறேன்.

அப்ட் இருபது துணைப்பொதிகளை அழைத்து வந்தது சரி. கேட்ட பொதியை ஒருநாள் நாம் அகற்றினால் அந்த இருபதும் என்னாகும்? தொடக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை, அப்படியே கிடந்தன. கலியாண வீட்டுக்கு அழைக்கப்பட்டவர் எழுந்து போனபின்னும் அவரோடு கூட வந்தவர்கள் கதிரைகளில் இருப்பதைப் போல. யார் அழைக்கப்பட்டவர், யார் கூட வந்தவர் என்று எங்கும் எழுதி வைக்காதபடியால் யாரை எழுப்புவது என்றும் தெரியவில்லை.

அதை எழுதி வைக்கத் தொடங்கியதுதான் முழுத் தீர்வும். அப்டிட்யூட் என்ற இன்னொரு நிரல் இதை முதலில் செய்தது. பின்னர் அப்ட்டுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பொதியைப் பற்றியும் ஒரேயொரு அடையாளம்: தானாக நிறுவப்பட்டது, ஆம் அல்லது இல்லை. நாம் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் இல்லை; இன்னொன்றுக்காக வந்திருந்தால் ஆம். எக்ஸ்டென்டட்-ஸ்டேட்ஸ் என்ற சிறு கோப்பில் இது பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கும். எந்தத் தொகுப்பியிலும் திறந்து வாசிக்கலாம். நான் வாசித்தேன், இவ்வளவு பெரிய விடயம் இத்தனை எளிமையாகவா கிடக்கிறது என்று சற்று ஏமாற்றமாகவும் இருந்தது.

ஓட்டோரிமூவ் கட்டளை இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு செய்வது இதுதான். பெயர் சொல்லிக் கேட்கப்பட்ட பொதிகளையும், அவை இல்லாமல் இயங்குதளமே நிற்காது என்று குறிக்கப்பட்ட அத்தியாவசியப் பொதிகளையும் வேர்களாகக் கொள்கிறது. ஒவ்வொரு வேரிலிருந்தும் புறப்பட்டு அதன் துணைப்பொதிகளைத் தொடுகிறது. அவற்றின் துணைப்பொதிகளையும் தொடுகிறது. இனித் தொட ஒன்றுமில்லை என்கிற வரையில் நடக்கிறது. கடைசியில் எவை தொடப்படாமல் மிஞ்சினவோ அவையே "இனித் தேவையில்லை." இந்த உத்தி பொதிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. லிஸ்ப் என்ற நிரல்மொழியில் கணினி நினைவகத்தின் குப்பையைக் கூட்டுவதற்காக ஜோன் மெக்கார்த்தி 1960 இல் விவரித்த வழி இது.

இதைவிட இலகுவான வழி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு துணைப்பொதியையும் எத்தனை பேர் நாடுகிறார்கள் என்று எண்ணி வைத்து, எண்ணிக்கை பூச்சியமானால் அகற்றிவிட்டால் என்ன? யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு பொதிகள் ஒன்றையொன்று நாடி நிற்கலாம். அழைத்தவர் போய் வருடக்கணக்கானாலும் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்கும் இருவரை எண்ணிக்கையால் பிரிக்க முடியாது. வேரிலிருந்து நடந்து வந்தால் அந்த இருவர் பக்கம் வழியே வராது, ஆகவே அகப்பட்டுவிடுவார்கள்.

அப்ட் ஒரேயடியாகக் கழித்துக்கட்டுகிற நிரலும் அல்ல. டெபியன் பொதிகளுக்கிடையே உறவு மூன்று தரத்தில் எழுதப்படும்: கட்டாயம் வேண்டும், பரிந்துரைக்கிறேன், இருந்தால் நல்லது. பரிந்துரைக்கப்பட்டதை அப்ட் வழமையாகக் கூடவே நிறுவும். "இருந்தால் நல்லது" என்பதை நிறுவாது. ஆனால் ஏற்கனவே இருக்கிறது என்றால், அந்த மெல்லிய உறவையும் ஒரு காரணமாக எடுத்து அதை விட்டுவைக்கும். சிலர் இவ்வளவு அகற்றியும் இந்தப் பொதி ஏன் போகவில்லை என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். வைத்திருப்பதற்கு நூல் போலொரு காரணம் கிடைத்தாலும் அது வைத்திருக்கும்.

அப்படியிருந்தும் என் எழுத்துருக்கள் ஏன் போயின? பழைய மாணவர் நிறுவியபோது பெயர் சொல்லிக் கேட்டது பொன்ட்ஸ்-டாம்ல் ஒன்றைத்தான். லோஹித், சம்யக் முதலிய தமிழ் எழுத்துருக்கள் அதன் துணையாக வந்தவை. அவற்றுக்கு எதிரே தானாக நிறுவப்பட்டவை என்ற அடையாளம் விழுந்துவிட்டது. அந்தப் பெயர்ப் பொதிதான் அவற்றின் ஒரே வேர். நான் வேரை வெட்டினேன். அதற்குமுன் இரண்டு வருடமாக லோஹித் எழுத்துருவில் நான் தட்டச்சு செய்யாத நாள் குறைவு. ஆனால் அந்தக் கோப்பில் பாவனையை எழுதுவதற்கு இடமே இல்லை. வந்த காரணம் மட்டுமே இருக்கிறது.

பாவனையைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். டெபியனில் பொப்கொன் என்று ஒரு நிரல், நாம் சம்மதித்தால், கோப்புகள் கடைசியாக எப்போது திறக்கப்பட்டன என்று பார்த்து எந்தப் பொதி எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை அனுப்பும். அதை வைத்து எதையும் அகற்றுவதில்லை. அது நல்லதும்கூட. எங்கள் அறையில் வருடத்துக்கு ஒரு தடவை, பரிசளிப்பு விழாச் சான்றிதழுக்காக மட்டும் திறக்கப்படும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. திறக்காத பதினொரு மாதத்தைப் பார்த்து இயந்திரம் அதைத் தூக்கியிருந்தால் விழாவன்றைக்கு என்ன செய்வது? பாவனை வந்துபோகும், கேட்டது கேட்டதுதான். அந்த ஒற்றை அடையாளம் குறைவான அறிவுதான். ஆனாலும் ஊகம் கலக்காத அறிவு.

அடையாளம் உண்மையை விட்டு விலகுகிற வழிகள் இன்னும் உண்டு. ஓர் இயந்திரத்தின் முழுப் பொதிப் பட்டியலையும் எடுத்து இன்னோர் இயந்திரத்தில் அப்படியே பெயர் பெயராகக் கேட்டு நிறுவுவார்கள். எங்கள் அறையிலும் சில இயந்திரங்களுக்கு அப்படித்தான் நடந்திருந்தது. அங்கே எல்லாமே கேட்கப்பட்டவை, எல்லாமே வேர்கள். ஓட்டோரிமூவ் எத்தனை தடவை கொடுத்தாலும் ஒன்றும் அசையாது. மறுபுறத்தில், பொதி முகாமைக்கு வெளியே யாராவது தரவிறக்கி வைத்த மென்பொருள். அது எந்த நிரலகத்தில் சாய்ந்து நிற்கிறது என்பது அப்ட்டின் கணக்கில் வராது. நிரலகம் அநாதை என்று தீர்ப்பாகிப் போய்விடும், மென்பொருள் மறுநாள் திறக்காது. லினக்ஸின் கருவான கெர்னல் விடயத்தில் மட்டும் அப்ட் இந்த ஒற்றை அடையாளத்தை நம்பியிருப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் புதியதையும் காப்பதற்கு அதற்குத் தனி ஏற்பாடு உண்டு.

எல்லா முகாமை நிரல்களும் ஒரே போக்கில் போவதுமில்லை. ஆர்ச் லினக்ஸின் பாக்மேன் கூட வந்தவர்களின் பட்டியலைக் கேட்டால் தரும், தானாகக் கைவைக்காது. பெடோராவின் டிஎன்எப், ஒன்றை அகற்றும்போது அதனோடு அநாதையாகும் துணைகளையும் சேர்த்தே அகற்றுவதை வழமையாகக் கொண்டிருக்கிறது. பைத்தன் மொழிக்குரிய பிப், அகற்றச் சொன்னதை மட்டும் அகற்றிவிட்டுத் துணைகளைத் திரும்பியும் பார்க்காது. இவற்றுள் என்னை யோசிக்க வைத்தது நிக்ஸ். அங்கே ஒவ்வொரு பொதியின் இருப்பிடப் பெயரிலும் நீண்ட ஒரு குறியீடு இருக்கும். ஒரு பொதி ஆக்கப்பட்டு முடிந்ததும் அதன் கோப்புகளுக்குள் வேறு எந்தப் பொதியின் குறியீடு கிடக்கிறது என்று நிக்ஸ் துழாவிப் பார்க்கும். கிடந்தால், அந்தப் பொதி இதற்குத் துணை. யாரோ எழுதிவைத்த வாக்குமூலத்தோடு நில்லாமல் வீட்டுக்குள் போய்ப் பார்க்கிற வழி. ஆனால் அங்கும் வேர் எது என்பதை மனிதர்தான் சொல்லவேண்டும். அந்த இடத்தை எந்த நிரலும் தாண்டவில்லை.

பட்டியலை வாசிக்காமல் சம்மதம் கொடுத்தவன் நான் மட்டுமல்ல என்பதில் ஒரு சிறு ஆறுதல். 2021 இல் பிரபல யூடியூபர் லைனஸ் செபஸ்தியன் பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். அன்றிருந்த ஒரு பொதிக் குழப்பத்தால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் திரைச்சூழல் முழுவதையும் அகற்றவேண்டும் என்று அப்ட் கணக்கிட்டது. அத்தியாவசியப் பொதிகள் போகப்போகின்றன என்று எச்சரித்து, "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்தால்தான் தொடர்வேன் என்றது. அவர் செய்தார். சின்னங்களும் சாளரங்களும் போய் வெறும் கட்டளைத் திரை மிஞ்சியது. பின்னர் வந்த அப்ட் பதிப்பில் அந்த வாக்கியத்தால் தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டார்கள்.

அன்றிரவு என்னைக் காப்பாற்றியது ஒரு குறிப்பேடு. அறையில் இணையம் கிடையாது. பழைய மாணவருக்கு அழைப்பெடுத்தேன். "பதறாதீங்க சேர், என்ன போனதெண்டு அதுவே எழுதி வச்சிரிக்கும்" என்றார். அவர் சொன்ன வழியே போனால் ஹிஸ்டரி.லொக் என்ற கோப்பு. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை, அதனால் வந்தவை எவை, போனவை எவை என்று வரிசையாக இருந்தது. ஓட்டோரிமூவ் என்ற கட்டளைக்குக் கீழே போனவற்றின் பெயர்களுள் என் லோஹித்தும் இருந்தது. மேலே தேடிப்போனால் முதன்முதல் நிறுவிய நாளின் குறிப்பும் இருந்தது. அதில் லோஹித்தின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் "தானாக" என்ற சொல். இரண்டு வருடத்துக்கு முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது, நான் நிறைவேற்றியிருக்கிறேன்.

அவர் தன் கைப்பேசி டேட்டாவோடு வந்து சேரும்போது மணி ஒன்பது. பொன்ட்ஸ்-டாம்லைத் திரும்ப நிறுவப் போனவரை நான் தடுத்தேன். "தம்பி, இந்த முறை லோஹித்தப் பேர் சொல்லியே கேளுங்க." சிரித்துவிட்டு அப்படியே செய்தார். பெட்டிகள் எழுத்தாயின. பக்கம் ஒன்றும் பிசகவில்லை. காலையில் ரோனியோ போட்டோம்.

இப்போது அகற்றும் கட்டளை எதையும் ஒத்திகை பாராமல் கொடுப்பதில்லை. கட்டளையோடு எஸ் என்ற எழுத்துத் தெரிவைச் சேர்த்தால், அப்ட் செய்யப்போவதைச் செய்யாமல் சொல்லிக் காட்டும். அந்தப் பட்டியலில் நாம் பாவிக்கும் ஒன்று தென்பட்டால், அப்ட்-மார்க் என்ற கட்டளையால் அதை நாமே கேட்டதாக அடையாளம் மாற்றிவிடலாம். ஒரு கணப்பொழுது வேலை, இணையமும் வேண்டாம். அதற்கு எதிர்த்திசையிலும் போகலாம்: கேட்கப்பட்டதாகக் குறிக்கப்பட்ட ஒன்று உண்மையில் நமக்குத் தேவையா என்ற சந்தேகம் வந்தால், கூட வந்தது என்று மாற்றிவிட்டு ஒத்திகை பார்ப்பது. வேறு யாராவது அதை நாடி நின்றால் அது பட்டியலில் வராது. யாருமில்லை என்றால் வரும். அகற்றுவதைவிட இது பத்திரமான சோதனை.

பட்டியல் நகலெடுத்து நிறுவப்பட்ட இயந்திரங்களை இந்த வழியில்தான் துப்புரவு செய்து வருகிறோம். போன மாதம் ஏழாம் இலக்க இயந்திரத்தின் வேர்ப் பட்டியலை அச்சிட்டு, தரம் பதினொன்று மாணவர் மூவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இது யார் கேட்டது என்று எழுதவேண்டும். பாதிக்கு மேல் விடை தெரியவில்லை. என்சான்ட் என்ற எழுத்துப்பிழை பார்க்கும் நிரலகம் ஒன்று இருந்தது.

"இது ஆரு சேர் கேட்ட?"

யாருமில்லை. கூட வந்தது என்று மாற்றி ஒத்திகை பார்த்தோம். பட்டியலில் அது வரவில்லை. அப்டிட்யூட்டில் "ஏன்" என்று பொருள்படும் கட்டளை ஒன்று இருக்கிறது. இந்தப் பொதி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் வேரிலிருந்து அதுவரையுள்ள சங்கிலியைக் காட்டும். கேட்டோம். இணையப் பக்கங்களை வரைந்து காட்டும் வெப்கிட் நிரலகம் என்சான்டை நாடுகிறது. அந்த வெப்கிட்டை நாடுவது யெல்ப், அதாவது கணினியின் உதவிக் கையேட்டைத் திறந்து வாசிக்கும் கருவி. அந்த அறையில் உதவிக் கையேட்டை யாரும் ஒருநாளும் திறந்ததில்லை.

அப்ப யெல்ப்பைக் கழற்றுவமா என்று ஒருவன் கேட்டான். மற்றவன் அதற்குள் அதைத் திறந்து வாசிக்கத் தொடங்கியிருந்தான்.